விற்பதற்கென்று செய்யப்படாதவை: நிக்கோபார்க் கைவினையும் ஓய்வுநேர வணிகமும்

பெரிய நிக்கோபார்த் தீவில், கேம்பல் பேக்குத் தெற்கே, கலத்தியா என்றொரு விரிகுடாவும் அதே பெயரில் ஓர் ஆறும் உள்ளன. தோல்முதுகுக் கடலாமைகள் முட்டையிடும் கரை என்றும், பெருந்துறைமுகம் அமையவிருக்கும் இடம் என்றும் இன்று செய்திகளில் அடிபடும் பெயர் அது. பெயரின் மூலம் ஒரு கப்பல். 1845 முதல் 1847 வரை உலகைச் சுற்றிவந்த டென்மார்க்கின் 'கலத்தியா' என்னும் கப்பல் 1846இல் இத்தீவுகளுக்கு வந்தது. 1858இல் ஆஸ்திரியாவின் 'நோவாரா' வந்தது. செடிகள், பறவைகள், சொற்பட்டியல்கள் ஆகியவற்றோடு தீவு மக்கள் கையால் செய்த பொருள்களும் ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. கோபன்ஹேகன், வியன்னா, லண்டன், ஆக்ஸ்போர்டு நகரங்களின் அருங்காட்சியகங்களில் நிக்கோபார்ப் பொருள்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றுள் கலைச்சிறப்பு மிக்கவை எனப் போற்றப்படும் பலவற்றை எவரும் விற்பதற்கென்று செய்யவில்லை.

ஓய்வுநேரத்தில் கைவினைப் பொருள் செய்து, மிஞ்சியதை விற்கும் வழக்கம் இன்று எங்கும் பரவியிருக்கிறது. சிரட்டையில் கிண்ணம், சிப்பியில் விளக்கு, நூலில் பை என வீட்டுத் திண்ணையில் தொடங்குவது கைப்பேசி வழியே சந்தைக்கு வருகிறது. இவ்வழக்கத்தின் வரலாற்றைக் கேம்பல் பேயில் நின்று பார்த்தால், 'செய்தல்', 'விற்றல்', 'ஓய்வு' ஆகிய மூன்று சொற்களும் வேறு வேறு காலங்களில் அத்தீவுகளுக்கு வந்து சேர்ந்தவை என்பது புலப்படும்.

செய்தலை முதலில் பார்க்கலாம். நான்கவுரி, கமோர்ட்டா முதலிய நடு நிக்கோபார்த் தீவுகளில் நோய் என்பது தீய ஆவிகளின் வேலை. 'மென்லுவானா' எனப்பட்ட மருத்துவப் பூசகர் ஆவியை அறிந்து, அதனை விரட்டுதற்கு ஏற்ற உருவத்தைச் செய்விப்பார். மரத்தில் செதுக்கிய மனித, விலங்கு, பறவை உருவங்கள் 'ஹெந்தாகோய்' எனப்பட்டன. பாக்கு மட்டையிலும் பலகையிலும் தீட்டிய ஓவியங்கள் 'ஹெந்தா' எனப்பட்டன. அவ்வோவியங்களில் ஞாயிறு, திங்கள், மீன், கப்பல், முகம் பார்க்கும் கண்ணாடி, கரண்டி எனத் தீவினர் கண்டவையும் விரும்பியவையும் வரிசை வரிசையாக இடம்பெறும். நடுவில் நிற்கும் உருவத்தின் பெயர் 'தேவுசே'.

தமிழ்க் காதுக்கு அது 'தேவன்' என ஒலிக்கலாம். சொல் வந்த வழி வேறு. போர்த்துக்கீசியரின் 'தேவுஸ்' நிக்கோபார் மொழியில் தேவுசே ஆயிற்று. அந்த 'தேவுஸ்' இலத்தீனிலிருந்து வந்தது. இலத்தீன்ச் சொல்லும் வடமொழித் 'தேவ'வும் ஒரே தொல்வேரின. ஆகவே ஒலியொற்றுமை முற்றிலும் தற்செயலன்று. ஆயினும் நான்கவுரிக்கு அச்சொல்லைச் சுமந்து சென்றது மேற்கிலிருந்து வந்த கப்பல்தான்.

ஹெந்தாகோயின் மதிப்பு அதன் பயனில் இருந்தது. நோயாளி தேறினால் உருவத்துக்கு ஆற்றல் உண்டென்று வீட்டில் வைத்திருப்பர். இறந்துவிட்டால் அது தோற்ற உருவம், எறிந்துவிடுவர். செதுக்கியவர் எவ்வளவு நுட்பமாகச் செதுக்கினார் என்பது இதில் கணக்கில் வாராது. சேகரிப்பாளர்களுக்கு இது வாய்ப்பாயிற்று. ஆங்கிலேயர் 1869இல் நிக்கோபாரைக் கைக்கொண்டு கமோர்ட்டாவில் கைதிகள் குடியிருப்பை நிறுவினர். அது 1888 வரை நீடித்தது. அக்காலத்தில் அங்குப் பொறுப்பு வகித்த அதிகாரிகளுள் ஒருவர் எட்வர்டு ஹோரஸ் மேன். 1889இல் நடு நிக்கோபார் மொழிக்கு அகராதி வெளியிட்டவர் இவரே. பிரித்தானிய அருங்காட்சியகங்களுக்கு நிக்கோபார்ப் பொருள்களைத் திரட்டி அனுப்பியோருள் முதன்மையானவரும் இவரே. சொல்லையும் பொருளையும் ஒரே ஆள் திரட்டியது ஆய்வாளர்க்கு நற்பேறு: எந்தப் பொருளுக்கு என்ன பெயர், எதற்குப் பயன்பட்டது என்ற செய்திகள் பொருளோடு சேர்ந்தே கிடைக்கின்றன.

இதன் மறுபக்கம் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. வெள்ளையர் ஹெந்தாகோயைத் திரட்டிய அதே காலத்தில் நிக்கோபார்த் தலைவர்களும் திரட்டிக்கொண்டிருந்தனர். வெள்ளிக் கரண்டிகள், பழைய படைச் சட்டைகள், உயர்ந்த தொப்பிகள், வந்துபோன கப்பல் தலைவர்கள் எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதங்கள் ஆகியன அவர்களுடைய சேகரங்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர் வைத்திருந்த கடிதங்களைக் கண்டு பயணிகள் நகைத்துக் குறிப்பெழுதினர். செதுக்கிய முதலை எதற்குப் பயன்பட்டதென்று அறியாமலே அதனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த அருங்காட்சியகங்களும் இருந்தன. அதைப் பார்த்து நகைத்தவர் குறைவு.

விற்பதற்கென்று செய்யவில்லை என்றதும், வணிகம் அறியாத மக்கள் என்ற முடிவுக்குப் பாய்வது பிழை. வங்காள விரிகுடாவின் கடல்வழி நடுவே உள்ளவை இத்தீவுகள். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி 'மாநக்கவாரம்' என்று இவற்றைப் பெயர் சுட்டிச் சொல்கிறது. 1025ஐ ஒட்டிய கடற்படையெடுப்பின் பட்டியலில் அது வருகிறது. போர்ட் பிளேயருக்கு 2024இல் 'ஸ்ரீ விஜயபுரம்' என்று பெயர் சூட்டியபோதும் சோழரின் கடற்படை வரலாறே காரணமாகச் சொல்லப்பட்டது. பின்வந்த நூற்றாண்டுகளில் பர்மியர், மலாயர், சீனர், இந்தியர் எனப் பலரும் துணியும் அரிசியும் கத்தியும் கொணர்ந்து தேங்காய் கொண்டு போயினர். விலை தேங்காயில் பேசப்பட்டது. கணக்கு இருபது இருபதாக எண்ணப்பட்டது.

உள்வணிகம் இன்னும் நுட்பமானது. அதற்குச் சான்று சவுரா. ஒரு கண்பார்வைக்குள் அடங்கிவிடும் சிறுதீவு அது. மண்பானை வனையும் உரிமை அத்தீவுக்கு மட்டுமே உரியது. வனைபவர் பெண்கள். வியப்பு என்னவெனில், தக்க களிமண் சவுராவில் இல்லை. அண்டைத் தீவான தெரசாவிலிருந்து தோணியில் மண் வரவேண்டும். மண் உள்ள தெரசாவில் வனைதல் கூடாது; மீறினால் கேடு விளையும் என்பது நம்பிக்கை. சக்கரமில்லாமல், திரித்த மண்சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்து ஏற்றிப் பானையை எழுப்புவர். உலர்ந்தபின் திறந்தவெளியில் சுடுவர். சூடு தணியுமுன் பச்சைத் தேங்காய் மட்டையின் கீற்றுகளைப் பானைமேல் பதிக்க, அதன் சாறு பட்ட இடம் கருத்துக் கோடாக நிற்கும். 1894இல் மேன் இப்பானைத் தொழிலைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

கார் நிக்கோபாரின் இளைஞர் தோணியேறிச் சவுரா சென்று பானையும் பெருந்தோணியும் பெற்றுவருவது பெருமைக்குரிய பயணம். தோணி மரமும் சவுராவில் இல்லை. தெற்குத் தீவுகளில் குடைந்த தோணிகளைச் சவுரா வாங்கி வடக்கே கைமாற்றியது. மண்ணும் மரமும் இல்லாத தீவொன்று, 'யார் செய்யலாம், யார் வழியாக விற்கலாம்' என்ற விதியை மட்டும் முதலாக வைத்துக்கொண்டு வாழ்ந்தது. மந்திர ஆற்றல் மிக்கோர் என்று சவுரா மக்களைப் பிற தீவினர் அஞ்சியது அவ்விதிக்குக் காவல். இன்றைய பொருளியலார் இதனைத் தனியுரிமை என்பர். அன்றைய நிக்கோபாரியர் இதனை ஊழ் போல ஏற்றிருந்தனர். பின்னாளில் அலுமினியப் பாத்திரம் வந்து அன்றாட அடுப்பிலிருந்து மண்பானையை இறக்கியபோது, அந்த விதியை மீறாமலே அதனைப் பொருளற்றதாக்கிவிட்டது.

'ஓய்வு' கடைசியாக வந்த சொல். தமிழில் 'பொழுதுபோக்கு' என்பது பொழுதை ஒரு சுமையாகக் கொண்டு, அதனைப் போக்க வேண்டும் என்று கருதும் சொல். அலுவல் நேரம் என ஒன்று தனியே வகுக்கப்பட்ட சமூகத்தில்தான் எஞ்சிய நேரத்துக்கு அப்பெயர் பொருந்தும். தென்னை காய்ப்பதையும் பருவக்காற்று திரும்புவதையும் ஒட்டி வாழ்ந்தவரிடம் அப்பிரிவினைக்கு இடமில்லை. கூடை பின்னுதல் வேலையா விளையாட்டா என்ற கேள்வி அங்கே எழாது.

கேம்பல் பேக்கு அக்கேள்வி 1969இல் கப்பலேறி வந்தது. அவ்வாண்டு தொடங்கி 1980 வரை முன்னாள் படைவீரர் குடும்பங்கள் 330 பெரிய நிக்கோபாரின் கிழக்குக் கரையில் குடியமர்த்தப்பட்டன. பஞ்சாப், மகாராட்டிரம், கேரளம், தமிழ்நாடு எனப் பல மாநிலத்தவர். கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று ஊர்ப்பெயர்களே குடியேற்றத்தின் கதையைச் சொல்லும். காடு திருத்தித் தென்னையும் பாக்கும் வைத்தவர்களுக்கு ஓய்வூதியமும் இருந்தது. அலுவலகம், பள்ளி, சம்பளம் என்ற ஒழுங்கும் வந்தது. அதனோடு ஓய்வுநேரமும் வந்தது. கையெட்டும் தொலைவில் சிரட்டை, பிரம்பு, மூங்கில், அலை ஒதுக்கிய சிப்பி.

இவற்றுள் சிப்பியின் வரலாறு தனித்துச் சொல்லத்தக்கது. அந்தமான் நிக்கோபார்க் கடலில் 'டிரோகஸ்' என்னும் கூம்பு வடிவச் சங்கினமும், 'டர்போ' எனப்படும் பருத்த சங்கினமும் உண்டு. மேலோட்டைத் தேய்த்தால் முத்தொளி வீசும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சப்பானிய முக்குளிப்போர் இவற்றைத் தேடி இக்கடலுக்கு வந்தனர்; சட்டைப் பொத்தான் செய்வதற்கு டிரோகஸ் ஓடு வேண்டியிருந்தது. உலகப் போருக்குப் பின் நெகிழிப் பொத்தான் பெருகிட அத்தேவை தளர்ந்தது. ஆனால் மெருகேற்றிய சிப்பியால் விளக்கும் மாலையும் செய்வது தீவுகளில் வீட்டுத் தொழிலாக வேரூன்றியது. தலைநகரில் உள்ள அரசு விற்பனையகமான 'சாகரிகா' வரை அது போயிற்று. கொற்கையில் சங்கறுத்தோரின் தடயங்களை அகழ்ந்தெடுத்த தமிழ்நாட்டுக்கு இக்காட்சி புதிதன்று. தூத்துக்குடியில் மூழ்கி எடுத்த சங்கு வங்காளத்தில் வளையாக அறுபட்டது. எடுத்தவர், அறுத்தவர், அணிந்தவர் மூவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கேம்பல் பேயில் கரையில் பொறுக்கியவரே தேய்த்துக் கோத்து விற்கவும் முடிந்தது. ஓய்வுநேரக் கைவினையின் கவர்ச்சி அங்கேதான் இருக்கிறது.

2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் கடல்வாழ் உயிரினங்கள் பல சேர்க்கப்பட்டன. பவளம், பெருஞ்சிப்பிகள், குதிரைமுகச் சங்கு போன்ற அரிய சங்குகள் ஆகியவற்றோடு டிரோகசும் டர்போவும் அப்பட்டியலில் இடம்பெற்றன. இனம் அழியாமல் காக்க இச்சட்டம் வேண்டியதே. ஆயினும் அதன் விளைவு விந்தையானது. பல டன் ஓட்டை ஏற்றிச் சென்ற பொத்தான் வணிகத்தின் காலத்தில் இல்லாத தடை, அது ஓய்ந்த பின்னர், மாலைநேரத்தில் இரண்டு சிப்பியைத் தேய்ப்பவர் மேசைமீது வந்து நின்றது. கரையில் கிடக்கும் எந்த ஓடு பட்டியலில் உள்ளது, எது இல்லை என்பதை அறிய நல்ல பயிற்சி வேண்டும். சிரட்டைக்கும் மரத்துக்கும் பலர் திரும்பியதைக் கலைநாட்டம் மாறியதாக மட்டும் படித்தல் போதாது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பெரிய நிக்கோபாரின் தென்முனை ஏறத்தாழ 4.25 மீட்டர் தாழ்ந்தது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கின் அடி கடலுக்குள் போயிற்று. மேற்குக் கரையிலும் தென்கரையிலும் வாழ்ந்த நிக்கோபாரியரில் எஞ்சியோர் கேம்பல் பேயை ஒட்டிய ராஜீவ் நகரிலும் புதிய சிங்கேனிலும் குடியமர்த்தப்பட்டனர். சவுரா மக்கள் தெரசாவில் தங்கவைக்கப்பட்டனர்: வனையும் உரிமை பெற்றவர் மண்ணுள்ள தீவில் ஏதிலியர். இழப்பீடு பணமாக வந்தது. நிவாரணம் நெகிழிக் குடமாகவும் தகரக் கூரையாகவும் வந்தது. உதவியே ஒரு சமூகத்தின் கைகளை எவ்வாறு ஓயவைத்தது என்பதை நிக்கோபாரை நெடுநாள் ஆய்ந்த சிம்ரன் ஜித் சிங் விரிவாக எழுதியிருக்கிறார். தாழையும் தென்னையும் கரையோரத்து மரங்கள். கரை போனபோது கைவினையின் மூலப்பொருளும் போயிற்று. முதியவர் பலர் மாண்டமையால் கற்பிப்போரும் குறைந்தனர். ஓய்வுநேரம் மட்டும் ஏராளமாய் இருந்தது.

அண்மையில் நிக்கோபாரின் 'ஹோடி' எனப்படும் தோணிக்கும், பாய்க்கும், வேறு சில பொருள்களுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. (ஹோடி என்றதும் ஓடம் நினைவுக்கு வரும். ஒலியொப்புமையை உறவென்று சொல்வது எளிது; காட்டுவது கடினம்.) புவிசார் குறியீடு என்பது ஒருவகையில் சவுராவின் பழைய விதியே: இப்பொருளை இப்பெயரில் இன்னார் மட்டுமே செய்து விற்கலாம். சவுராவில் அச்சம் செய்த காவலை இங்கே பதிவேடு செய்யவேண்டும். 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் நுழைவதையும் வணிகம் செய்வதையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் உருவத்துக்கு வேலியில்லை. ஹெந்தாகோயின் படத்தைப் பார்த்து எவ்வூரிலும் எவரும் ஒரு மாலைப்பொழுதில் செதுக்கி, 'பழங்குடிக் கலை' என்று விலை வைக்கலாம். குடியேறிய வீட்டில் செய்த சிரட்டைக் கிண்ணமோ எக்குறியீட்டிலும் அடங்காது. அதைச் செய்தவர் ஐம்பது ஆண்டுகளாக அத்தீவிலேயே வாழ்ந்தாலும், அது வெறும் 'வீட்டில் செய்தது'.

2011 கணக்கெடுப்பில் பெரிய நிக்கோபாரின் மக்கள்தொகை 8,067. வாங்கும் கைகள் பெரும்பாலும் பணிமாற்றத்தில் வந்துபோகும் அலுவலரும் படையினருமே. 2020 ஆகஸ்டு 10இல் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழை வடம் தீவுகளுக்குத் திறந்துவைக்கப்பட்டது; பெரிய நிக்கோபாரும் அதில் இணைந்தது. அன்றுமுதல் கேம்பல் பேயில் செய்த கிண்ணத்தின் படம் நொடியில் சென்னையை எட்டுகிறது. கிண்ணமோ தலைநகருக்குச் செல்லும் கப்பலுக்குக் காத்திருக்கிறது. கடல் பொங்கும் மாதங்களில் கப்பலும் காத்திருக்கிறது.