ஓட்டில் அளந்த நல்லெண்ணெய்

நான் பெரியபிள்ளையானது 1979இல், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில். அம்மம்மா முட்டையின் முனையை உடைத்துப் பச்சையாகவே என் வாய்க்குள் ஊற்றுவா. பிறகு அதே ஓட்டில் நல்லெண்ணெய் அளந்து தருவா. மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கவேண்டும். பின்னால் உளுத்தங்களி வரும். "இடுப்பெலும்பு பலக்கவேணும் பிள்ளை."

அந்த ஊட்டலுக்குப் பின்னால் பசியின் நினைவு இருந்தது. 1953இல் ஒரு கொத்து கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானபோது ஓகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தாலில் நின்றது. 1974இல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடியமுன் பாண் வரிசையில் நானே நின்றிருக்கிறேன். அந்தக் காலத்தில் "மெலிஞ்சுபோனாய்" என்றால் கவலை, "உடம்பு வைச்சிருக்கிறாய்" என்றால் மகிழ்ச்சி. வாசலில் ஆளைக் கண்டதும் உடம்பைப் பற்றிச் சொல்லும் நம் வழக்கம் அங்கேதான் வேர்விட்டது என்று நம்புகிறேன்.

வழக்கம் அப்படியே இருந்தது, பொருள்தான் தலைகீழானது. 1982இல் வந்த ரூபவாஹினித் தொலைக்காட்சியைப் பலர் குற்றம் சொல்வார்கள். பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்து மூன்று வருடத்தில், உடல் மெலிய வாந்தியெடுக்கும் மாணவிகள் ஒருவருமில்லை என்ற நிலையிலிருந்து 11.3 வீதமானதை ஆய்வாளர் ஆன் பெக்கர் பதிவுசெய்தார். ஆனால் வெள்ளவத்தையில் அதைவிடக் கூரான ஒன்று இருந்தது: கலியாணம் பேச அனுப்பும் படம். 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மாப்பிள்ளைமார் லண்டனிலும் ரொறன்ரோவிலும். 1995 ஒக்ரோபரில் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமம் இடம்பெயர்ந்தபின் வெள்ளவத்தை லொட்ஜுகள் நிரம்பின. பெண் நடப்பதையோ சிரிப்பதையோ பார்க்காமல், ஒரு தாளை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள்.

1996இல் என் அக்கா மகளின் படத்துக்குத் தொலைபேசியில் பதில் வந்தது: "பிள்ளை நல்ல வடிவு. கொஞ்சம் மொத்தம்." அவளுக்கு வயது 21.

அவள் உடனே பட்டினி கிடக்கவில்லை. வெள்ளிக்கிழமை விரதம் என்றாள். பிறகு கேதாரகௌரி, 21 நாள். அது முடிந்த மறுநாளே கந்தசஷ்டி, ஆறு நாள். நல்ல மாப்பிள்ளை வேண்டிப் பிடிக்கிறாள் என்று வீடே பெருமைப்பட்டது, நானும்தான். சூரன்போர் அன்று அவள் கையைப் பிடித்தேன். சவர்க்காரம் போட்டு ஏற்றிய காப்பு முழங்கைவரை வழுகி ஓடியது.

மாதவிலக்கு நின்று நாலு மாதம். முதல் முறை வந்தபோது பாலறுகு வைத்து, தண்ணீர் வார்த்து, ஊரைக் கூட்டிச் சோறு போட்ட குடும்பம் நாங்கள். அது நின்றுபோனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

வைத்தியர் பெயர் சொன்னார்: அனோரெக்ஸியா நெர்வோசா. 1873இல் லண்டனில் வில்லியம் கல் என்ற வைத்தியர் வைத்த பெயர். பிடிவாதமில்லை அம்மா, இது வருத்தம், உயிரையும் எடுக்கும்; சாப்பாடுதான் மருந்து, கொஞ்சங் கொஞ்சமாக, நாங்கள் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டவேண்டும் என்றார். அக்காவுக்குக் கேட்டது "சாப்பாடுதான் மருந்து" மட்டும். மறுநாட் காலை முட்டையும் நல்லெண்ணெய்ப் போத்தலுமாக வந்து நின்றாள்.

பிள்ளை அந்த ஓட்டைப் பார்த்து அழுதாள். "அது வேண்டாம் அம்மா. களி கொஞ்சம் தாங்கோ."

நெல்லிக்காயளவு உருண்டை. அதைத் தின்ன ஒரு மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க வீட்டில் ஒருவரும் அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.