கேட்டெழுதும் பொறி

தான் சொல்வதைப் பிறர் எழுதவேண்டும் என்ற விருப்பம் அதிகாரத்தோடு உடன்பிறந்தது. சோழ அரசனின் வாய்மொழியை ஓலையில் இறக்கத் தனி அலுவலர் இருந்தனர். கம்பனி முகாமையாளனுக்குச் சுருக்கெழுத்தாளர் இருந்தார். இன்றோ மேசைக் கணினியில் ஒரு விசையை அழுத்திப் பேசினால், எந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறோமோ அங்கேயே சொற்கள் வந்து விழுகின்றன. எந்நேரமும் காத்துநிற்கும் இவ்வெழுத்தர் யாருடைய ஊழியர் என்பதை நாம் வரலாற்றிடம் கேட்டறிதல் வேண்டும்.

1877 இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டார். அதன் பயன்களை மறு ஆண்டு வரிசைப்படுத்தியபோது அவர் முதலில் வைத்தது இசையையன்று. சுருக்கெழுத்தாளர் இன்றிக் கடிதம் சொல்லுதலையே. முதலாளியின் நாட்டம் எங்கிருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆயினும் மெழுகுருளை ஒலியைப் பிடித்ததேயன்றி எழுத்தாக்கவில்லை. காதிற் குழாயைச் செருகி, நிறுத்தி நிறுத்திக் கேட்டுத் தட்டெழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். உழைப்பு ஒழியவில்லை, பின்னறைக்குப் போயிற்று, அவ்வளவே.

கேட்பதையே பொறியிடம் ஒப்படைக்கும் முயற்சி 1952 இல் பெல் ஆய்வுகூடத்தில் தலைகாட்டியது. அங்கு செய்யப்பட்ட கருவி, தனக்குப் பழக்கமான ஒருவர் குரலில் இலக்கங்களை மட்டும் அறிந்தது. பத்தாண்டு கழித்து ஐ.பி.எம். காட்டிய பெட்டிக்குப் பதினாறு சொற்கள் தெரிந்திருந்தன. எழுபதுகளில் அதே நிறுவனத்தில் ஜெலினெக் என்பாரின் குழு, இலக்கண விதிகளைப் பொறிக்குக் கற்பிப்பதைப் பெரிதும் கைவிட்டு, எச்சொல்லின் பின் எச்சொல் வரக்கூடும் என்ற நிகழ்தகவுக் கணக்கை நம்பியது. கணக்கே வென்றது. இலக்கணம் கற்ற எமக்கு இது சற்றுக் கசப்பான செய்திதான்!

அவ்வழியில் வந்த ஜேம்ஸ் பேக்கர், ஜனற் பேக்கர் தம்பதியர் 1982 இல் டிராகன் நிறுவனத்தைத் தொடங்கினர். 1990 இல் அவர்களது மென்பொருளின் விலை 9,000 டொலர். அதனிடம் ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டே பேசவேண்டியிருந்தது. இயல்பாகப் பேச 1997 வரை காத்திருக்க நேர்ந்தது. கை முடங்கியோருக்கும், தட்டெழுதித் தட்டெழுதி மணிக்கட்டு நொந்தோருக்கும் அதுவே கையாயிற்று. சந்தையின் கணக்கோ வேறு. 2000 இல் டிராகனை வாங்கிய பெல்ஜிய நிறுவனம் கணக்கு மோசடியால் அதே ஆண்டில் சரிந்தது. விலையைப் பங்குகளாகப் பெற்ற பேக்கர் தம்பதியர் ஏறத்தாழ யாவற்றையும் இழந்தனர். மென்பொருள் கைமாறிக் கைமாறி 2022 இல் மைக்ரோசொஃப்ட்டை அடைந்தது. அதைக் கையாகக் கொண்டிருந்தோருக்கு இவ்விற்பனைகளில் எந்தக் குரலும் இருக்கவில்லை.

இதற்கிடையில் இன்னொரு வழக்கம் பரவியது. பேச்சு கணினியில் எழுத்தாகாமல், கம்பனியின் தூரத்துப் பொறிகளுக்கு அனுப்பப்பட்டது. அப்பிள், அமேசன், கூகிள் ஆகியவற்றின் குரற் சேவைகளில் பதிவான துணுக்குகளை ஒப்பந்த ஊழியர் செவிமடுத்தமை 2019 இல் வெளியாயிற்று. பின்னறை மறையவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

2022 செப்டெம்பரில் ஓப்பன் ஏஐ நிறுவனம் விஸ்பர் என்ற கேட்டறி மாதிரியை எவரும் எடுத்தாள வெளியிட்டது. அதைச் சொந்தக் கணினியிலேயே இயக்கலாம். குரல் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. அழைத்தவுடன் எழுத வேண்டுமாயின் மாதிரியை நினைவகத்தில் ஏற்றியபடியே வைத்திருக்கவேண்டும். பெரிய மாதிரி எளிய கணினிக்குத் தாங்காத சுமை. ஒலிவாங்கியை ஓயாமல் திறந்து வைப்பதும் தகாது: மௌனத்தைக் கேட்டு, எவரும் சொல்லாத வாக்கியங்களை இப்பொறி எழுதிவிடுவதுண்டு. விசையை அழுத்தும்போது மட்டும் கேட்கச் செய்வதே நன்று.

அதற்குப் பயிற்சியளித்த ஒலி 6,80,000 மணி நேரம். ஆங்கிலம் தவிர்ந்த 96 மொழிகளில் எழுதக் கற்பித்த பங்கு 1,17,000 மணி நேரமே. தமிழும் அப்பங்கினுள் அடங்கும். யாவும் இணையத்திலிருந்து திரட்டப்பட்டவை. பேசியவர்களின் பெயர் எங்கும் இல்லை. மருத்துவரின் பேச்சைக் கேட்டு நோயாளர் அறிக்கைகளைத் தட்டெழுதிவந்தோர் பலர், இப்போது பொறி எழுதிய வரைவின் பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்கின்றனர்.