ஐந்து விழுக்காட்டில் அடங்கிய தோள்: கைரோபிராக்டிக் வரலாற்றில் ஒரு மூட்டின் இடம்

முன்னுரை

கைரோபிராக்டிக் என்றதும் முதுகும் கழுத்துமே நினைவுக்கு வரும். கைகளால் முதுகெலும்பைத் திருத்தும் அமெரிக்கச் சிகிச்சைமுறையாகவே அது அறியப்பட்டுள்ளது. இன்று தோள்பட்டை வலிக்கும் அதை நாடுவோர் பலர். முதுகெலும்பையே எல்லாவற்றுக்கும் மூலமாகக் கொண்ட ஒரு முறைக்குள் தோள்மூட்டு எப்படி இடம்பெற்றது என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை. நோய்க்கெல்லாம் ஒரே காரணம் என்ற கொள்கை எந்த அளவுக்குத் தளர்ந்ததோ, அந்த அளவுக்கே தோள் தனக்குரிய கவனிப்பைப் பெற்றது என்பது இதன் வாதம்.

எலும்பு வைத்தியர்களின் காலம்

மூட்டைக் கையால் அசைத்து வலி நீக்கும் வழக்கம் கைரோபிராக்டிக்குக்கு முந்தையது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரம்பரை எலும்பு வைத்தியர்கள் இதைச் செய்துவந்தனர். அவர்கள் குணப்படுத்தும் நோயாளிகளைப் பற்றி அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் 1867-இல் ஆற்றிய சொற்பொழிவில், அவர்களிடமிருந்து நல்லதைக் கற்றுக்கொள்ளும்படி சக மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார். ரிச்சர்ட் ஹட்டன் என்ற எலும்பு வைத்தியரிடம் நேரில் பயின்ற மருத்துவர் வார்ட்டன் ஹூட், 1871-இல் அம்முறையை விளக்கி எழுதினார். அடிபட்ட மூட்டை நெடுநாள் அசைக்காமல் வைத்திருந்தால் உள்ளே ஒட்டுகள் உண்டாகி அது இறுகும். சட்டெனக் கொடுக்கும் ஓர் அசைவால் அந்த ஒட்டுகளை விடுவிக்கலாம் என்பது அவர் விளக்கம். வலி எந்த மூட்டிலோ, சிகிச்சையும் அந்த மூட்டில்தான்.

95-உம் 5-உம்

1895-இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர், ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததும் அவருக்குக் காது கேட்டதாக அறிவித்தார். கைரோபிராக்டிக் அங்கிருந்து தொடங்குகிறது. நோய்களில் 95 விழுக்காடு முதுகெலும்புகள் இடம் பிசகுவதால் வருபவை, எஞ்சியவை பிற மூட்டுகளின் பிசகால் வருபவை என்பது பால்மரின் கோட்பாடு. எந்தக் கணக்கெடுப்பின் அடிப்படையிலும் கிடைத்த எண்கள் அல்ல இவை. ஆயினும் முழங்கால், கணுக்கால், பாதம் ஆகியவற்றோடு தோளும் அந்த ஐந்து விழுக்காட்டுக்குள் ஒதுக்கப்பட்டது.

அவர் மகன் பி.ஜே. பால்மர் அந்த இடத்தையும் சுருக்கினார். 1930-களில் அவர் வகுத்த முறையில் கழுத்தின் உச்சியிலுள்ள இரண்டு எலும்புகளைச் சரிசெய்தாலே போதும். அதன்படி, கையைத் தூக்க முடியாமல் வருபவரின் தோளைத் தொடவே தேவையில்லை. இதில் ஓரளவு உண்மை உண்டு. தோளுக்குச் செல்லும் நரம்புகள் பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் கழுத்து நரம்புவேர்களிலிருந்து கிளம்புவதால், கழுத்துக் கோளாறு தோளில் வலியாகத் தெரியலாம். ஆனால் தசைநாண் கிழிவும் மூட்டுறை இறுக்கமும் தோளிலேயே தோன்றுபவை. கழுத்து உச்சியின் எலும்புகளைக் கொண்டு அவற்றை விளக்க இயலாது.

கலப்பினரின் பங்கு

எதிர்ப்பு உள்ளிருந்தே எழுந்தது. ஜான் ஹோவர்ட் 1906-இல் டேவன்போர்ட்டில் தொடங்கிய நேஷனல் பள்ளி 1908-இல் சிகாகோவுக்கு இடம்பெயர்ந்தது. உடற்கூறும் நோயறிதலும் அங்கு அழுத்தம் பெற்றன. பிற சிகிச்சைகளையும் சேர்த்துக்கொண்ட இவ்வகையினரை ‘மிக்ஸர்கள்’ என்றும், முதுகெலும்பை விட்டு விலகாதவர்களை ‘ஸ்ட்ரெய்ட்கள்’ என்றும் அழைத்தனர். தோளைத் தோளாகவே பார்க்கும் வாய்ப்பு முதல் தரப்பினரிடம்தான் இருந்தது.

அதே காலத்தில் மருத்துவ உலகம் தோளைக் கூர்ந்து ஆராய்ந்தது. பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934-இல் தோளுக்கென்றே ஒரு நூல் எழுதி, ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்ற பெயரை நிலைநாட்டினார். முன்குனிந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும் பயிற்சி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. கையைத் தலைக்குமேல் 180 பாகை உயர்த்துகையில் ஏறத்தாழ 120 பாகை தோள்மூட்டிலும் 60 பாகை தோள்பட்டை எலும்பின் நகர்விலும் நிகழ்கின்றன என்று இன்மனும் உடன் ஆய்வாளர்களும் 1944-இல் காட்டினர். தோளசைவு பல மூட்டுகளின் கூட்டு வேலை என்பது இதனால் தெளிவாயிற்று.

நீதிமன்றம் திறந்த வழி

இந்த அறிவு கைரோபிராக்டர்களைச் சென்றடையப் பெருந்தடை இருந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963-இல் போலி மருத்துவ எதிர்ப்புக் குழு அமைத்து, தன் உறுப்பினர்கள் அவர்களோடு தொழில் தொடர்பு கொள்வதைத் தடுத்தது. கைரோபிராக்டர் செஸ்டர் வில்க் உள்ளிட்டோர் 1976-இல் வழக்குத் தொடுத்தனர். இத்தடை போட்டித் தடுப்புச் சட்டத்தை மீறியது என நீதிபதி சூசன் கெட்சன்டானர் 1987-இல் தீர்ப்பளித்தார். 1990-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கைரோபிராக்டிக் பலன் தருகிறது என்று இத்தீர்ப்பு சான்றளிக்கவில்லை. இரு தரப்பினரும் சேர்ந்து பணியாற்றத் தடையில்லை என்பதை மட்டுமே அது நிலைநாட்டியது. பலனை ஆய்வுகளே நிறுவ வேண்டியிருந்தது.

சோதனையின் தீர்ப்பு

நெதர்லாந்தின் குரோனிங்கன் பகுதியில் தோள்வலியுள்ள 150 பேரிடம் நடந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. அனைவருக்கும் வழக்கமான மருத்துவம் அளிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாகக் கழுத்து, மேல்முதுகு, அதை ஒட்டிய விலா எலும்புகள் ஆகியவற்றில் கைமுறைச் சிகிச்சை தரப்பட்டது. 12 வாரங்களில் முழுமையாகக் குணமானதாகக் கூறியோர், கைமுறைச் சிகிச்சை பெற்றவர்களில் 43 விழுக்காடு. பெறாதவர்களில் 21 விழுக்காடு. சிகிச்சை அளித்தவர்கள் கைரோபிராக்டர்கள் அல்லர், கைமுறைப் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்கள்.

முடிவுரை

முதுகெலும்புக்கும் தோள்வலிக்கும் தொடர்பு உண்டு என்ற பால்மரின் எண்ணத்துக்கு இந்த ஆய்வு ஓரளவு வலுச்சேர்க்கிறது; எலும்பு இடம் பிசகியதே காரணம் என்ற அவர் விளக்கத்துக்கு எவ்வலுவும் சேர்க்கவில்லை. பிற மருத்துவத்தோடு இணைந்தபோதுதான் கைமுறையின் பயன் இங்கே புலப்பட்டது. இடத்தோள் வலி மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம்; கழுத்தை விசையுடன் திருப்பும்போது, அரிதாகவேனும், தமனி கிழிந்து பக்கவாதம் நேரலாம். ஆகவே வலியின் மூலத்தைக் கண்டறிவதே முதல் கடமை. கை வைப்பது அதற்குப் பிறகுதான். இவ்வொழுங்கை ஏற்கும் கைரோபிராக்டரை மட்டுமே தோள்வலி உள்ளவர் நம்பிச் செல்லலாம்.