பாவாத மலைக்குக் குழுவாகப் போகிறவர்களுக்கு

கல்முனையில் கடல் மட்டத்தில் வாழும் எங்களுக்கு, பாவாத மலையின் உயரமே முதல் சோதனை. அது 2,243 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். ஆகவே உச்சியில் ஊரைவிட 13, 14 பாகை குறைவாக இருக்கும்.

பௌத்தர்கள் சிறீபாத என்றும் இந்துக்கள் சிவனொளிபாதமலை என்றும் அழைக்கும் இம்மலையின் உச்சியிலுள்ள பாதச்சுவடு, ஆதம் (அலை) அவர்களுடையது என்பது முஸ்லிம்களிடையே நிலவும் நம்பிக்கை. 1344இல் இங்கு ஏறிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, பாறையில் பிடித்தேறும் சங்கிலிகளைப் பற்றி எழுதியுள்ளார்.

பருவகாலம் டிசம்பர் போயா முதல் மே வெசாக் வரை. அட்டன் வழியாகச் சென்று நல்லதண்ணியில் தொடங்கும் பாதை குறுகியது. 5,000க்கும் அதிகமான படிகள். இரத்தினபுரிப் பக்கப் பாதை நீளமானது.

நாங்கள் ஒன்பது பேர் பருவம் முடிந்தபின் போனோம். வெளிச்சமில்லை, கடைகளுமில்லை. நடுவழியில் மழை பிடித்தது. நனைந்த பருத்தி ரீசேர்ட்டுடன் ஒரு தம்பி நடுங்கத் தொடங்கினான், பேச்சுக் குழறியது. முன்னால் வேகமாகப் போன நான்கு பேருக்கு அது தெரியவில்லை. உலர்ந்த உடுப்பை மாற்றி, அவனைக் கீழே இறக்கினோம். உச்சியை அன்று யாரும் காணவில்லை.

அதிலிருந்து எங்கள் ஒழுங்கு இதுதான்: மெதுவாக நடப்பவரே முன்னால். ஆளுக்கொரு டோர்ச், மழை அங்கி, பொலித்தீனில் சுற்றிய மாற்றுடை. ஒருவர் திரும்பினால் இருவராவது கூடத் திரும்ப வேண்டும். அடுத்த பருவத்தில் ஒன்பது பேரும் ஏறினோம். அந்தத் தம்பிதான் முன்னால் நடந்தான்.