புதுச்சேரியில் இரண்டான நட்சத்திரம்

இரண்டு வருடங்களுக்கு முன் மே மாதம் நண்பர்களோடு புதுச்சேரி போயிருந்தேன். எல்லாரும் கடற்கரைக்குக் கிளம்ப, நான் மட்டும் லாட்ஜ் மொட்டை மாடியில் லேப்டாப்போடு. ஆன்-கால். இரவு பதினொரு மணிக்கு ஏதோ ஒரு சர்வர் படுத்துவிட்டது. அது எழுந்து வரும்வரை சும்மாதானே இருக்கணும் என்று தெற்கே பார்த்தேன்.

அடிவானத்துக்கு மேலே, நீட்டிய கையில் ஒன்றரை முஷ்டி உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். அவற்றுக்கு வலப்பக்கம் சாய்ந்து நிற்பது தென்சிலுவை. இரண்டில் இடதுபுறம் இருப்பதுதான் ஆல்பா சென்டாரி. சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரத் தொகுதி. அன்றைக்கு என் கண்ணில் விழுந்தது, அங்கிருந்து நாலு வருஷம் நாலு மாசம் முன்னால் கிளம்பிய ஒளி.

வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அது இரண்டு. அதை முதலில் கண்டுகொண்டவர் ழான் ரிஷோ, பிரெஞ்சு இயேசு சபைத் துறவி. கண்ட இடம் இதே புதுச்சேரி. 1689 டிசம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தபோது. அந்த மாதத்தில் ஆல்பா சென்டாரி விடியலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் உதிக்கும். தூக்கம் கெட்டுத்தான் பார்த்திருக்க வேண்டும்.

அவர் இந்த ஊருக்கு வர நினைத்தவரே இல்லை. 1687இல் போய்ச் சேர்ந்தது சயாமுக்கு. மன்னர் நாராய் இயேசு சபையாருக்காக லோப்புரியில் ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக்கொண்டிருந்தார். 1688இல் பெட்ராச்சா ஆட்சியைப் பிடித்து பிரெஞ்சுக்காரர்களை வெளியேற்றினார். அப்படித் தப்பி வந்து ஒதுங்கிய இடம்தான் புதுச்சேரி. 'இது நம்ம ஊர் கண்டுபிடிப்பு' என்று நாம் மார்தட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கூச்சமுண்டு. நம்ம ஊர் கொடுத்தது ஒரு தெற்கு வானம். அதுவே பெரிசுதான். டெலஸ்கோப் வந்து 80 வருஷம் ஆகியும் பாரிஸ்காரர்களால் இதைக் கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணம், அங்கே இந்த நட்சத்திரம் உதிப்பதே இல்லை.

ஒதுங்கிய இடமும் நிலைக்கவில்லை. 1693இல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். இதன் தூரத்தைக் கணக்கிட்ட தாமஸ் ஹெண்டர்சன் முடிவை வெளியிட்டது 1839இல்தான்.

ஒன்றையொன்று சுற்றிவர அவற்றுக்குக் கிட்டத்தட்ட 80 வருஷம் ஆகும். ரிஷோ பார்த்ததிலிருந்து நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேல் ஆகியிருக்கிறது. போன மே மாதம் பைனாகுலர் வாங்கிக்கொண்டு அதே மாடிக்குப் போனேன். இரண்டாகப் பிரியவில்லை. சின்ன டெலஸ்கோப்பாவது வேணுமாம்.