கட்டுமரம் முதல் பிளைவுட் வள்ளம் வரை: எளியோர் படகுகளின் மரத்தேர்வு

முன்னுரை

தமிழரின் கடல்சார் வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் நாவாய்களையும் வணிகக் கலங்களையும் சோழர் கடற்படையெடுப்புகளையும் பற்றியே அமைந்துள்ளன. அரசும் வணிகக் குழுவும் செலுத்திய கலங்களுக்குச் சான்றுகள் மிகுதி. ஆதலின் ஆய்வும் அவற்றின் வழியே சென்றது. ஆனால், நாள்தோறும் அலையைக் கடந்து சென்று மீன்பிடித்துத் திரும்பிய பரதவர் படகு எந்த மரத்தால் ஆனது, அம்மரம் ஏன் தேர்ந்துகொள்ளப்பட்டது, அதன் விலையை அவர் எவ்வாறு ஈடுசெய்தார் என்னும் வினாக்கள் போதிய அளவில் எழுப்பப்படவில்லை. படகு செய்வோருக்கு முதல் வினா மரத்தைப் பற்றியது. அதிலும் தம்மால் வாங்க இயலும் மரத்தைப் பற்றியது. இந்தியத் தீபகற்பக் கடற்கரையில் எளியோர் தம் படகுக்கு மரம் தேர்ந்த முறையையும், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகை அவ்விடத்தைப் பெற்ற வரலாற்றையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்கள் காட்டும் வேறுபாடு

சங்க இலக்கியத்தில் நீரில் செல்லும் ஊர்திகளுக்குப் பல பெயர்கள் பயில்கின்றன. நாவாய், வங்கம், கலம் என்பன பெருங்கலங்களையும், திமில், அம்பி, தோணி, பஃறி என்பன சிறு படகுகளையும், புணை, மிதவை என்பன மரங்களையோ பிறவற்றையோ பிணைத்த மிதப்புகளையும் சுட்டுகின்றன. இப்பாகுபாடு வடிவத்தை மட்டும் பற்றியதன்று. புணை மரத்தின் மிதப்பாற்றலால் மிதப்பது. தோணி தன் உள்வெளியால் மிதப்பது. மரத்தேர்வின் வரலாறு முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது எனலாம்.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரையக் கடற்பயண நூல், தென்னிந்தியக் கரையில் பெரிய ஒற்றை மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் கலங்களைக் குறிக்கிறது. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களை விவரித்துள்ளார். தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற 'கட்டமரான்' என்னும் சொல் இன்று இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. கட்டிய மரம் என்னும் மூலப்பொருள் அச்சொல்லில் மறைந்துவிட்டது. சொல் நிலைத்து, அதன் பின்னிருந்த தொழிலறிவு மறைவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

சாத்திர நூல்கள் கூறும் மரப்பாகுபாடு

போசன் பெயரால் வழங்கும் யுக்திகல்பதரு என்னும் வடமொழி நூல், கலம் செய்வதற்குரிய மரங்களை நான்கு வருணங்களாகப் பகுக்கிறது. இராதா குமுத் முகர்ஜி 1912இல் வெளியிட்ட இந்தியக் கப்பல் வரலாற்று நூலின் வாயிலாக இப்பகுதி அறிஞரிடையே பரவலாக அறிமுகமாயிற்று. வருணப் பெயர்களை நீக்கி நோக்கினால், அப்பாகுபாட்டின் அடிப்படை இரண்டே பண்புகள் என்பது புலனாகும்: மரம் இலேசானதா கனமானதா, மென்மையானதா வன்மையானதா என்பனவே அவை. இலேசாகவும் வன்மையாகவும் உள்ள மரத்தை அந்நூல் சிறப்பித்துக் கூறுகிறது. வெவ்வேறு வகை மரங்களைக் கலந்து கட்டிய கலம் நிலைக்காது என்றும் உரைக்கிறது. நீரில் ஊறும்போது ஒவ்வொரு மரமும் வெவ்வேறு அளவில் பருக்கும். அதனால் இணைப்பு நெகிழும். சமூகப் படிநிலையின் மொழியில் கூறப்பட்டிருப்பினும், அதனுள் தச்சரின் பட்டறிவு உறைந்திருப்பதை மறுத்தற்கில்லை.

சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வெளியீடாக 1950இல் அச்சான 'கப்பல் சாத்திரம்' என்னும் தமிழ் நூல், கட்டுமான அளவுகளோடு மரத்தின் குற்றங்களையும் அவற்றின் பலாபலன்களையும் பேசுகிறது. இதனை நிமித்த நூலாக மட்டும் ஒதுக்குதல் பொருந்தாது. மரத்திலுள்ள சுழியும் வெடிப்பும் நீர் புகும் வாயில்கள். அவ்வகை மரத்தைத் தள்ளுக என்னும் அறிவுரை, தீப்பலன் கூறும் வடிவில் நினைவிற்கு எளிதாக்கப்பட்டது எனக் கருத இடமுண்டு. எனினும் இந்நூல்கள் இரண்டும் பெருங்கலம் கட்டுவோரை நோக்கியவை. எளியோரின் தேர்வை அவர்தம் படகுகளிலிருந்தே அறிதல் வேண்டும்.

கட்டுமரத்தின் கணக்கு

சென்னை மாகாண மீன்துறை இயக்குநராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீடாக வந்த தம் ஆய்வில் இந்தியப் படகு வடிவங்களை விரிவாக ஆராய்ந்தார். ஆந்திரக் கரையின் தெப்பம் முதல் குமரிக் கரையின் கட்டுமரம் வரை வடிவில் வேறுபாடுகள் உண்டு. மரத்தின் பண்பிலோ ஒற்றுமையே காணப்படுகிறது. மலைவேம்பு, முள்முருங்கை, பெருமரம், இலவு போன்ற இலேசான மரங்களும், பிற்காலத்தில் மொலுக்காஸ் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட அல்பீசியாவும் இதற்குப் பயன்பட்டன.

தேக்கு இருக்க இம்மென்மரங்களை நாடியது ஏன்? வறுமை மட்டும் இதற்கு விடையன்று. கடல்நீர் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1025 கிலோ எடையுடையது. உலர்ந்த தேக்கு ஏறத்தாழ 650 கிலோ. அல்பீசியா ஏறத்தாழ 300 கிலோ. எனவே ஒரு கனமீட்டர் தேக்குக்கட்டை தன் எடை போக 375 கிலோ சுமையைத் தாங்குமெனில், அதே அளவு அல்பீசியா 725 கிலோவைத் தாங்கும். விலை குறைந்த மரமே இங்கு ஏறக்குறைய இருமடங்கு பயன் தருகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மென்மரம் நீரை விரைவில் உறிஞ்சும். ஊறினால் மிதப்பு குறையும். ஆகவே கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துதல் இன்றியமையாததாயிற்று. கட்டுமரம் ஆணியின்றிக் கயிற்றால் கட்டப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும். உலர்த்துதல் கப்பற்புழு முதலிய மரந்துளைக்கும் உயிரிகள் வேரூன்றாமலும் காத்தது. ஆயுள் குறைந்த மரத்தின் குறையை அன்றாட உழைப்பு ஈடுசெய்தது என்பதே இதன் பொருள்.

தைத்த படகின் பொருளியல்

சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் ஆந்திரக் கரையின் படவும் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டவை. மா முதலிய எளிதிற் கிடைக்கும் மரங்களின் பலகைகள் இவற்றிற்குப் பயன்பட்டன. தையல் நெகிழ்ந்து கொடுப்பதால் கரையில் மோதும் அலையின் அதிர்ச்சியைப் படகு தாங்கியது என்பது பலரும் கூறியதே. இதனினும் முதன்மையான பொருளியற் காரணம் ஒன்றுண்டு. மாம்பலகை நீண்ட நாள் உழைக்காது. ஆணியடித்த படகில் கெட்ட பலகையை நீக்கும்போது அண்டைப் பலகையும் சிதையும். தைத்த படகிலோ கயிற்றை அறுத்து அப்பலகையை மட்டும் மாற்றலாம். படகு முழுவதையும் அவ்வப்போது பிரித்து மீண்டும் தைப்பது இயல்பான வழக்கம். மலிவான மரத்தைப் பயன்படுத்தும் உரிமையைத் தையல் வழங்கியது எனலாம்.

மேற்குக் கரையில் நிலைமை சற்று வேறு. அங்கு அயினியும் மாவும் வள்ளங்களுக்கு உதவின. அயினி உறுதியும் நீண்ட ஆயுளும் உடையது, விலையும் மிக்கது. முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயும் மீன் எண்ணெயும் பூசி மரத்தின் ஆயுளை நீட்டினர். ஒருமுறை பெருஞ்செலவு செய்து நெடுநாள் பயன்பெறுதல், சிறுசெலவு செய்து அடிக்கடி புதுப்பித்தல் என்னும் இரு வழிகளும் ஒரே தீபகற்பத்தின் இரு கரைகளில் நிலவின.

தேக்கும் அரசும்

1806இல் ஆங்கிலக் கும்பினி கேப்டன் வாட்சனை மலபார்க் காடுகளின் காப்பாளராக நியமித்தது. கடற்படைக்குத் தேக்கு தேடுவதே அவர் பணி. தனியார் மரங்களின் மீதும் விதிக்கப்பட்ட இவ்வேகபோகம் எதிர்ப்பை உண்டாக்கவே, 1823இல் அப்பதவி நீக்கப்பட்டது. 1840களில் கொனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைத்தார். 1882இல் சென்னை வனச் சட்டம் இயற்றப்பட்டது. இவ்வரலாறு கப்பல் மரத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. மீனவர் வேண்டியது தேக்கன்று. பலருக்கும் பயன்படாததெனத் தோன்றிய மென்மரமே. அம்மரங்களும் பின்னாளில் தீக்குச்சி, பொதிபெட்டி, பிளைவுட் ஆகிய தொழில்களுக்கு மூலப்பொருளாயின. அப்போதுதான் 'ஒன்றுக்கும் உதவாத' மரத்திற்கும் சந்தையில் போட்டி உண்டாயிற்று.

பிளைவுட்டின் வருகை

1980களில் கேரள, குமரிக் கரைகளில் வெளிப்பொறி பொருத்திய படகுகள் பெருகின. பெரிய அடிமரங்கள் அரிதாகி விலை உயர்ந்திருந்த காலம் அது. குமரி மாவட்டத்து முட்டத்தில் இயங்கிய படகு கட்டும் மையத்தில், ஷூமாக்கர் தொடங்கிய பிரித்தானிய இடைநிலைத் தொழில்நுட்பக் குழுவின் துணையோடு பிளைவுட் படகுகள் உருவாக்கப்பட்டன. 1980இல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இம்முயற்சியைப் பரப்பியது. பியர் ஜில்லே 1985இல் வெளியிட்ட நூல் இதன் இடர்ப்பாடுகளைப் பதிவு செய்துள்ளது. ஷூமாக்கரின் 'சிறியதே அழகு' என்னும் நூற்பெயரை நினைவூட்டும் வகையில் 'சிறியதே கடினம்' என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டிருப்பது கருதத்தக்கது.

பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, பொருத்துவாயைக் கண்ணாடியிழை நாடாவாலும் பிசினாலும் மூடுவது இம்முறை. பிரிட்டனில் 1963இல் அறிமுகமான மிரர் என்னும் சிறு பாய்ப்படகு, பொதுமக்கள் தம் வீட்டிலேயே கட்டிக்கொள்ளத்தக்கதாக இம்முறையில் அமைந்தது. மசூலாப் படகின் தையலோடு இதற்கு ஒப்புமை உண்டு. ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது எனக் கொள்ளச் சான்றில்லை. கயிற்றுத் தையல் நெகிழ்ச்சிக்காக நிலைத்திருப்பது. கம்பித் தையல் பிசின் இறுகும் வரை பிடித்திருப்பது மட்டுமே.

மரச்சிக்கனத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். 6 மீட்டர் நீளமும் 25 செ.மீ. விட்டமும் உடைய நான்கு உருண்டைக் கட்டைகளில் ஏறத்தாழ 1.18 கனமீட்டர் மரம் உண்டு. எட்டுக்கு நான்கு அடி அளவும் 6 மி.மீ. கனமும் உடைய பத்துப் பிளைவுட் தாள்களில் 0.18 கனமீட்டரே உண்டு. புணையிலிருந்து தோணிக்கு மாறும்போது மரத்தின் தேவை ஆறில் ஒரு பங்கிற்கும் கீழே குறைகிறது. ஆனால் விலை அவ்வாறு குறைவதில்லை. காட்டிற்குச் செல்ல வேண்டிய செலவு ஆலைக்கும் பிசினுக்கும் செல்கிறது.

மரத்தை அறியும் முறையும் மாறிற்று. கட்டையைத் தட்டிப் பார்த்தும் தூக்கிப் பார்த்தும் குற்றம் கண்டவருக்குப் பிளைவுட்டின் உட்புறம் தெரியாது. கடற்பயன்பாட்டுப் பிளைவுட்டிற்குரிய ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தரம், ஃபீனால் பிசினால் ஒட்டிய பலகை 72 மணிநேரம் நீரில் கொதித்தும் பிரியாதிருத்தலை வேண்டுகிறது. யூரியா பிசினால் ஒட்டிய மலிவுப் பலகை வீட்டு அறைகலன்களுக்கு உரியது. கடலில் அடுக்குகள் பிரியும். இரண்டிற்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு அறிதல் அரிது. உள்ளடுக்கில் இடைவெளி இருப்பினும் வெட்டிய ஓரத்தில்தான் தெரியும்; ஓரத்தைப் பிசினால் மூடாவிடில் நீர் அவ்வழியே புகும். சுழி பார்த்த கண்ணின் இடத்தில் முத்திரை பார்க்கும் கண் வந்தது.

அண்மைக் கால மாற்றங்கள்

1996 டிசம்பர் 12 அன்று கோதாவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, வடகிழக்கின் பிளைவுட் ஆலைகள் பலவற்றை மூடச்செய்தது. அதன்பின் இறக்குமதி மரமும் தோட்ட மரமும் அத்தொழிலைத் தாங்கின. 2014இல் மியான்மர் உருட்டுமர ஏற்றுமதியைத் தடைசெய்ததால் குர்ஜன் மரத்தின் வரத்து பாதிக்கப்பட்டது. பால் வற்றிய ரப்பர் மரத்தைக் காப்பு மருந்தேற்றி, கண்ணாடியிழை போர்த்திச் சிறு வள்ளம் செய்யும் முறையைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வழங்கப்பட்ட படகுகளில் கண்ணாடியிழைப் படகுகள் மிகுதியாக இருந்தன. அப்பேரலை பல கட்டுமரங்களை அழித்தது. அவற்றிற்கு மாற்றாக வந்தவற்றில் மரம் பற்றிய அறிவிற்கு வேலை மிகக் குறைவு.

முடிவுரை

எளியோரின் மரத்தேர்வு கிடைத்ததைக் கொண்டு அமைந்ததன்று. மிதப்பு, ஆயுள், பழுதுபார்க்கும் எளிமை, விலை ஆகிய நான்கையும் ஒருங்கே எடைபோட்ட முடிவு அது. கட்டுமரம் மிதப்பைத் தேர்ந்து ஆயுளை விட்டது. தைத்த படகு பழுதுபார்க்கும் எளிமையைத் தேர்ந்தது. அயினி வள்ளம் ஆயுளைத் தேர்ந்து விலையை ஏற்றது. பிளைவுட் வள்ளம் மரத்தின் அளவைக் குறைத்து, மரத்தை அறியும் பொறுப்பை ஆலையிடம் ஒப்படைத்தது.

இதில் தமிழ்த்துறைகளுக்கு ஒரு கடமை உண்டு. பெருமரம், மட்டி போன்ற பெயர்கள் ஊருக்கு ஊர் வேறு வேறு மரங்களைச் சுட்டுகின்றன. வள்ளம், வத்தை, தோணி என்பனவும் அவ்வாறே. அகராதிகள் பலவும் 'ஒருவகை மரம்', 'ஒருவகைப் படகு' என்ற அளவில் நின்றுவிடுகின்றன. கட்டுமரம் கட்டிய தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்களிடமிருந்து மரப்பெயரையும் அதன் தாவரவியல் அடையாளத்தையும் தேர்வுக்குரிய காரணத்தையும் ஒருசேரப் பதிவு செய்யாவிடில், சங்கப் பாடல்களின் புணையையும் திமிலையும் விளக்கவல்ல வாழும் சான்று நம் காலத்திலேயே அற்றுப்போகும். கள ஆய்வும் சொல்லாய்வும் இணைந்து இப்பணியை மேற்கொள்ளுதல் உடனடித் தேவையாகும்.