கொசுவை விரட்டியது எது?



பொழுது சாய்ந்ததும் லயத்து வாசலில் தேங்காய் மட்டையை மூட்டிப் புகை போடும் வழக்கம் நம்மில் பலரும் அறிந்ததே. சில வீடுகளில் வேப்பிலையும் சாம்பிராணியும் சேரும். சிலர் ‘செராய் வாங்கி’ எண்ணெயைக் கைகால்களில் தடவிக்கொள்வார்கள். மண்ணெண்ணெயையே பூசிக்கொண்டவர்களும் உண்டு. இவற்றால் கொசு போகுமா, போகாதா? இந்தக் கேள்விக்கு நம் தோட்டங்களின் வரலாற்றிலேயே நல்ல விடை இருக்கிறது.

காட்டை அழித்து ரப்பர் நட்ட தொடக்க காலத்தில், கப்பலேறி வந்த நம் முன்னோரைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது குளிர்காய்ச்சல், அதாவது மலேரியா. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றால் வருவது என்றே பலரும் அதை நம்பியிருந்தார்கள். 1897ஆம் ஆண்டில் இந்தியாவின் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர், மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் உண்மையான எதிரி யார் என்பது தெரிந்தது.

1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு மருத்துவராக வந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மால்கம் வாட்சன். அதே ஆண்டில்தான் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அன்று பெயர் பெற்றிருந்த கிள்ளான் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில மாதங்களிலேயே வேலையாட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். வாட்சன் சதுப்பு நிலத்தைத் தூர்க்கவும், கால்வாய் வெட்டி நீரை வடிக்கவும், சுற்றியிருந்த காட்டை வெட்டவும் ஏற்பாடு செய்தார். அடுத்த ஆண்டே காய்ச்சலும் சாவும் பெருமளவில் குறைந்தன.

ஆனால் கடற்கரையில் பலித்த வழி மலைச்சாரல் தோட்டங்களில் பலிக்கவில்லை. காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது! காரணம் இதுதான்: கடற்கரையில் மலேரியாவைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. மலைப்பகுதியில் பரப்பியதோ ‘அனாபிலிஸ் மக்குலேட்டஸ்’ என்னும் வேறோர் இனம். அது வெயில் படும் தெளிந்த ஓடைநீரைத் தேடி முட்டையிடும். காடு போனதும் ஓடைகளில் வெயில் விழுந்தது, கொசுவுக்கு வசதியாகிவிட்டது. ஆகவே, எந்தக் கொசு, எந்த நீரில் வளர்கிறது என்று அறியாமல் செய்யும் வேலை வீண் என்பதை மலாயா உலகுக்கே கற்பித்தது.

அதன்பின் மலைத்தோட்டங்களில் ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய் வைத்து வடித்தார்கள். அது முடியாத இடங்களில் நீரின்மேல் எண்ணெய் தெளித்தார்கள். கொசுப்புழு மூச்சு வாங்க நீர்மட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும். எண்ணெய்ப் படலம் அந்த மூச்சை அடைத்துவிடும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆதலால் வாரந்தவறாமல் தெளிக்க வேண்டியிருந்தது. முதுகில் தெளிப்பானைச் சுமந்து, ஓடை ஓடையாக இறங்கி நடந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. மருத்துவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. மண் வெட்டிய கைகளின் பெயர்களை எழுதி வைத்தவர் இல்லை. என்றாலும், அந்த உழைப்பு இல்லாமல் தோட்டங்களில் காய்ச்சல் தணிந்திராது.

பாருங்கள், தோலில் பூசினால் எரிச்சலைத் தருகிற மண்ணெண்ணெய் வகை, நீரில் தெளித்தபோது உயிர்களைக் காத்தது. பொருள் ஒன்றே, இடம்தான் வேறு.

இனி நம் வீட்டுப் பொருள்களுக்கு வருவோம். செராய் வாங்கி எண்ணெயின் மணம் கொசுவுக்கு ஆகாது என்பது மெய்தான். ஆனால் அது விரைவில் ஆவியாகிப் போய்விடும். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், கொசு நிறைந்த கூண்டுக்குள் கையை நீட்டிச் சோதித்தார்கள். செராய் வாங்கி வகை எண்ணெய் கலந்த தைலங்கள் சராசரியாக 20 நிமிடங்கூடக் காக்கவில்லை. சோயா எண்ணெய் கலந்த ஒன்று ஒன்றரை மணி நேரம் காத்தது. ‘டீட்’ என்னும் மருந்து ஏறத்தாழ 24 விழுக்காடு கலந்த தைலமோ 5 மணி நேரம் காத்தது. பூண்டு தின்றால் கொசு அண்டாது என்ற நம்பிக்கைக்குச் சோதனைகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

புகை கொசுவை ஓரளவு விலக்கும். ஆனால் நம் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். கொசுவர்த்திச் சுருளும் அப்படியே. அதன் ஒரு சுருள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம் என்று 2003ஆம் ஆண்டு ஓர் ஆய்வு கணக்கிட்டது. கைக்குழந்தை படுத்திருக்கும் அறையை மூடிவிட்டு அதைக் கொளுத்தலாமா என்று தாய்மார்களே சொல்லட்டும்.

மலேசியாவில் 2018ஆம் ஆண்டு முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் தோன்றவில்லை. எனினும் குரங்குகளிடமிருந்து வரும் ஒரு வகை காட்டோரங்களில் இன்னும் இருக்கிறது. இன்று நம்மை அதிகம் வாட்டுவது டிங்கிக் காய்ச்சல். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஓடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டுத் தண்ணீர் டிரம், பூச்சட்டித் தட்டு, பழைய டயர், வாசலில் கிடக்கும் சிரட்டை ஆகியவையே அதற்குப் போதும். அது பகலில் கடிப்பதால் இரவுக் கொசுவலை மட்டும் நம்மைக் காக்காது. பகலில் உறங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

ஆகவே நேயர்களே, தைலமும் புகையும் நமக்கு வாங்கித் தருவது சிறிது நேரத்தைத்தான். முன்னோர் வாரந்தோறும் ஓடையில் இறங்கிச் செய்த வேலை, இன்று நம் வீட்டு முற்றத்துக்கு வந்திருக்கிறது. வாரம் ஒரு முறை டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள், மூடி போடுங்கள், சிரட்டையைக் குப்புறத் தள்ளுங்கள். பத்து நிமிட வேலை இது. பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொசுவுக்கு வேலி கிடையாது அல்லவா?